ஏழாவது பெயர்

அத்தான், நான் அன்றைக்கே சொன்னேன், மானியப் பட்டியல் ஒருநாள் ஆபீசை விட்டு வெளியே வந்து சுவரில் ஏறும் என்று. இன்று காலையில் ஏறிவிட்டது. சங்கரன்கோவிலில் அதே தாலுகா ஆபீஸ் வாசலில், யாருக்கு எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு ரூபாய் என்று நாலு தாள். மைதாப் பசை இன்னும் காயவில்லை. அந்த வாடை பட்டதும் உங்கள் மாட்டுவண்டி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சினிமா போஸ்டர், மேலே குழாய் ஸ்பீக்கர், உள்ளே மைக்கோடு நீங்கள்.

உங்கள் குரலுக்கே கொட்டகை நிறைந்தது என்பார்கள். வசனம் எடுத்துக் கொடுத்தது நான் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ஒரு கலெக்டரே காரை நிறுத்தி என்னிடம் வழி கேட்டிருக்கிறார். ராயகிரிக்குப் போகிற வழி.

எழுபதுகளில் மழை பொய்த்த அந்த வருஷம், திருவேங்கடம் பக்கம் நம் கரிசலில் பருத்தி முளையிலேயே கருகியது. கருகிய பயிருக்கு சர்க்கார் மானியம் வந்தது; நமக்கு வரவில்லை. மறுபடி விதைக்க வழியில்லாமல் அக்காள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். மானியத்தை யாருக்குத்தான் கொடுத்தீர்கள் என்று ஆபீசில் கேட்டால், பட்டியலை வெளியாள் பார்க்கக் கூடாது என்றார்கள். பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தேன். கடைசித் தடவை திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன்: ஜன்னல் வழியாகப் பட்டியலைப் பார்த்துவிட்டேன், ஏழாவது பெயர் எங்கள் அப்பா பெயர். அப்பா இறந்து அப்போது மூன்று வருஷம்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள்.

"கண்ணால பாத்தியா, மாப்ள?"

"பாத்தேன் அத்தான். இனிஷியலோட போட்டிருக்கான்."

"மைக் லைசன்சு போயிரும்லே. உங்க அக்கா என்னையத்தான் வைவா." மைக்கை எடுத்துத் துண்டால் துடைத்தீர்கள். "சரி, மாட்டைப் பூட்டு."

தேரடியிலிருந்து ஆபீஸ் வாசல்வரை, படத்துக்குச் சொல்கிற அதே ராகத்தில் சொன்னீர்கள்: "அன்பார்ந்த பொதுமக்களே, செத்த பருத்திக்கு மானியம். வாங்கினவரும் செத்தவர். காணத் தவறாதீர்கள்." வண்டிக்குப் பின்னால் ஐயாயிரம் பேர். ஐம்பது பேர் என்று அக்காள் சொல்வாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

அதிகாரி கொதித்துப்போய் வெளியே வந்தார். அபாண்டம் என்று கத்தினார். அப்படி ஒரு பெயரே இல்லை என்று காட்ட, பட்டியலையே தூக்கிவந்து படியில் விரித்தார். ஊரே குனிந்து படித்தது. அப்பா பெயர் இல்லைதான். ஆனால் ஏர் பிடித்தே அறியாத ரைஸ்மில் முதலாளி, அவர் மருமகன், அவர் டிரைவர், சிவகிரியில் துணிக்கடை போட்டிருந்த அவர் சகலை எல்லாரும் பத்துப் பத்து ஏக்கரோடு இருந்தார்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரியே அன்றைக்குத்தான் அதைப் படித்தார் என்று நினைக்கிறேன். விசாரணை வந்தது. அடுத்த விதைப்புக்குள் நமக்கும் பணம் வந்தது.

உங்களுக்கு மட்டும் லைசன்ஸ் போனது. பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் திரும்பத் தருவோம் என்றார்கள். "எம் மாப்ள கண்ணால பாத்தான். பேரை நீங்கதான் அழிச்சிருப்பிய," என்று எழுந்து வந்துவிட்டீர்கள். அதன்பிறகு அதே வண்டியில் சாகும்வரை பருத்தி மூட்டைதான் ஏற்றினீர்கள்.

உங்கள் ஸ்பீக்கர் குழாய் என்னிடம்தான் இருக்கிறது. இன்றைக்கு அதை வாயில் வைத்து நாலு தாளையும் ஒரு பெயர் விடாமல் வாசித்தேன். உள்ளிருந்து ஒரு இளவட்டக் கிளார்க் வந்தான்.

"அதான் ஒட்டியாச்சில்லா, பெரியவரே. ஏன் சத்தம் போடுதிய?"

"எழுத்துத் தெரியாதவனும் மானியம் வாங்குதான்லா, அவனுக்குத்தான்," என்றேன். நாளைக்கும் போவேன். போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து உட்கார வைத்தால் அங்கேயும் வாசிப்பேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழாவது பெயரை யாரும் அழிக்கவில்லை, அத்தான். அன்றைக்கு அந்த ஜன்னல் சாத்தியிருந்தது.