அண்ணன் வைத்த கண்ணாடி

சின்னவளே,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. என்மேல் இருக்கிற கோபத்தைச் சோற்றின்மேல் காட்டாதே.

வண்டிச் சாவியை ஒளித்து வைத்தது நான்தான். அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவு. சித்தப்பா நான்கு மணிக்கு வருவார். பழகுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீ தனியாக ஓட்டக் கூடாது. அவர் பின்னால் உட்காரட்டும். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டிவிட்டேன். ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டு. கிளட்சை வெடுக்கென்று விடாதே. மைதானத்தைத் தாண்டாதே.

நேற்று நீ வண்டியின் கண்ணாடியைத் திருப்பப் போனதும், "அதத் தொடாதடி!" என்று கத்தினேன். உன் அண்ணன் கடைசியாகத் தன் உயரத்துக்கு வைத்தது அது. அவன் செத்த பிறகு, துடைக்கும்போதுகூட அதை நான் அசைத்ததில்லை.

இன்று காலை நானே வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நம் உயரத்துக்கு அதில் வெறும் வானம்தான் தெரிகிறது. பின்னால் லாரி வந்தாலும் தெரியாது.

அதனால் உனக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்.

அம்மா

பி.கு.: நான் வருவதற்குள் திருப்பிவிடு. காலையில் நானே திருப்பப் போனேன், கை வரவில்லை. அவன் தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது.