மரத்தில் ஒரு கோடு

மச்சான்,

ஒன்பது மணிக்கு வா என்று நேரம் தந்துவிட்டு, இன்று காலை பதினொன்றரை வரைக்கும் என்னைக் காக்க வைத்தார்கள். அஜின்கோர்ட்டில் நான் வழக்கமாகப் போகும் கராஜ்தான். முதல் ஸ்நோ கொட்டிய அடுத்த நாள் ரொறொன்ரோவில் உள்ள முழுச் சனமும் விண்டர் ரயர் மாற்ற வந்து நிற்கும் என்று தெரிந்தும் அன்றைக்கே போய் நின்றேன் பார், என்னைத்தான் சொல்ல வேண்டும். ஒருவழியாக ரயரைப் பூட்டி முடித்த பிறகு, காற்றுச் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று காற்று அளக்கிற உன் பித்தளைக் கேஜை எடுத்து வால்வில் வைத்து அமத்தினேன். 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் காற்று வெளியே வந்தது. பழைய ரப்பர் மணம். அவ்வளவுதான், உன்னுடைய சிவப்பு மணலில் நான் முழங்காலில் நிற்கிறேன், நீ கதிரையில் இருந்து சிரிக்கிறாய்.

கேஜின் தோல் உறைக்குள் விரலை விட்டால் இன்றைக்கும் அந்த மண் ஒட்டும். கராஜ்காரர் அதைப் பார்த்துவிட்டு, "உதென்ன அண்ணை மண்? எங்கத்தையான்?" என்று கேட்டார்.

"அவுஸ்ரேலியா."

"அட, போனனீங்களோ? கங்காரு பாத்தனீங்களோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கங்காரு பாக்க ஆர் தம்பி அவ்வளவு தூரம் போவான்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், மனிதர் மற்றக் காருக்குப் போய்விட்டார்.

கோபம் அவர் மேல் இல்லை. என் கோட்டின் உள்பொக்கற்றுக்குள் மூன்று கிழமையாக ஒரு கடிதம் கிடக்கிறது. கழுத்தில் தட்டுப்படுகிற கட்டியில் ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், வருகிற செவ்வாய்க்கிழமை ஹொஸ்பிற்றலுக்கு வரவும், துணைக்கு ஒருவரை அழைத்து வரவும் என்று எழுதியிருக்கிறது. பவானிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிசிக்குச் சொல்லவில்லை. அவள் பயந்துபோவாள், ஒன்றும் இல்லை என்று வந்தால் வீண் கவலை, முதலில் முடிவு வரட்டும், பிறகு பார்ப்போம். இந்தச் சாட்டுகள் எல்லாம் எங்கே படித்தவை என்று உனக்குத் தெரியும். எல்லாம் உன்னிடம் படித்தவை.

உன்னோடு சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். வேறு வழி வைக்காமல் போய்விட்டாய்.

விக்ரோறியா பார்க் பக்கத்தில் அந்த பேஸ்மென்ற்றில் நாம் இரண்டு பேரும் இருந்த காலத்தில் நீ எதையாவது மறைத்தாயா? பல்லுக் கொதித்தால் வீடே அதிரக் கத்துவாய். சம்பளம் குறைந்தால் மேல்வீட்டுக்காரருக்கும் தெரியும். நம் இருவருக்கும் பொதுவாக இருந்த அந்தத் துருப்பிடித்த காரைப் பனிக்குள் மல்லாக்கக் கிடந்து திருத்தும்போதுகூட, கைவிரல் விறைத்த கதையை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பாய். அப்படி வாய் ஓயாத மனிதன், சுகந்தியைக் கல்யாணம் முடித்து அடிலெய்டுக்குப் போன பிறகு எங்கே போய் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டானோ தெரியாது.

அங்கே நீ மெக்கானிக்காக இருந்தாய், பிறகு பாலைவனச் சுற்றுலாக்காரரின் வண்டிகளைத் திருத்தினாய், பிறகு அந்தச் சுற்றுலாவுக்கே வழிகாட்டியானாய். ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் தங்கள் தங்கள் ஃபோர் வீல் வண்டிகளில் வரிசையாக வருவார்கள். நீ முதல் வண்டியில் இருந்து, ஒவ்வொரு வண்டிக்கும் கொடுத்த ரேடியோவில் கதை சொல்லிக்கொண்டு போவாய். நூற்றறுபது வருடத்துக்கு முந்தி அந்தக் கண்டத்தைக் குறுக்கறுத்துப் போகப் புறப்பட்டவர்கள் எந்த வழியால் போனார்கள், எங்கே தண்ணீர் கண்டார்கள், எங்கே விழுந்தார்கள் என்ற கதை. வருடத்துக்கு ஒருமுறை எனக்கு ரெலிபோன் வரும். "மச்சான், யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன்ரை சரித்திரம் படிப்பிக்கிறான். ஒருக்கா வந்து பாரன்ரா!" வேலை, வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு என்று நானும் வருடத்துக்கு ஒரு சாட்டு வைத்திருந்தேன்.

போன வருடம் சித்திரையில் நீ எடுத்தபோது அந்தப் பகிடி இல்லை. "இந்தமுறை சாட்டுச் சொல்லாதை. ஆடியில வா" என்றாய். அவ்வளவுதான். நானும் வயது போகுதே என்ற ஞானத்தில் ரிக்கற் போட்டேன். உன் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

ஆறு வண்டிகள். முதல் வண்டி உன்னுடையது, கடைசி வண்டி நீ எனக்கு ஓடத் தந்தது. மணல்மேடுகள் தொடங்குகிற இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, ரயரில் காற்றைப் பதினெட்டுக்குக் குறைக்கச் சொன்னாய். குளிர் காதைப் பிய்த்தது. பாலைவனம் என்றால் வெய்யில் என்று நம்பி அரைக்கைச் சட்டைகளோடு வந்திருந்த எனக்கு இறங்கிக் குனியப் பஞ்சி, சோம்பல். ரேடியோவில், "ஓம், ஓம், விட்டாச்சு" என்று அவிழ்த்துவிட்டேன். முப்பத்தைந்து விண்டர் ஸ்நோவில் ஓடியவனுக்கு மணல் என்ன பெரிய மணல்? ஸ்நோவில் ஏறுவதுபோல மெல்ல மெல்ல, பூப்போல மிதித்து ஏறினேன். பாதி மேட்டில் வண்டி இருந்த இடத்திலேயே அச்சு வரைக்கும் புதைந்தது.

மேலே நின்ற நாலு வண்டி வெள்ளைக்காரரும் தேத்தண்ணிக் கோப்பையோடு வரிசையாக நின்று பார்த்தார்கள். நீ ஒரு மடக்குக் கதிரையைக் காவிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்து, என் முன்னால் விரித்து இருந்தாய். மண்வெட்டியை நீட்டினாய்.

"தோண்டு."

"மற்றவைக்கெல்லாம் நீயே தோண்டிக் குடுக்கிறனீயாம். எனக்கு மட்டும் என்ன?"

"நீ பொய் சொன்னனீ. தோண்டு." பிறகு இந்தக் கேஜை என் மடியில் போட்டாய். "காத்தை விடு மச்சான். ரயர் பரந்தால்தான் மணல் தாங்கும். உது உன்ரை ஸ்நோ இல்லை."

முக்கால் மணித்தியாலம் தோண்டினேன். நீ அசையவில்லை. பெரிய துரை மாதிரிக் கதிரையில் இருந்து இடது பக்கம், வலது பக்கம் என்று ஓடர் போட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை என்னென்ன பேசினேன் என்று இப்போது எழுதக் கை கூசுகிறது. நீ எழும்பேலாமல்தான் இருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல், எப்படித் தெரியும்?

ஆனால் கண் இருந்தது, மச்சான். அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. உன் பெல்ற்றில் ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகளை நான் பார்த்தேன். "சுகந்தி சாப்பாடு போடுறேல்லையோ?" என்று பகிடி விட்டேன். "டயற் மச்சான்" என்றாய். எல்லோருக்கும் இறைச்சி வாட்டிக் கொடுத்துவிட்டு நீ தேத்தண்ணியில் பிஸ்கற் தோய்த்துத் தின்றதையும் பார்த்தேன். வெள்ளைக்காரரோடு சேர்ந்து இவனும் உடம்பு பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மொக்கன் உலகத்தில் இருப்பானா?

மூன்றாம் நாள் அந்த மரத்தடிக்குப் போனோம். ஆற்றங்கரையில் பெரிய கிழட்டு மரம், சுற்றிவரப் பலகை மேடை. நீ கதை சொன்னாய். கண்டத்தைக் கடக்கப் போனவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்க ஒரு கூட்டம் இங்கே நாலு மாதம் முகாம் அடித்து இருந்தது. இனி வரமாட்டார்கள் என்று முடிவெடுத்து, கொஞ்சச் சாப்பாட்டையும் ஒரு கடிதத்தையும் புதைத்து, 'தோண்டு' என்று மரத்தில் வெட்டிவிட்டு ஒரு காலையில் புறப்பட்டது. போனவர்கள் அன்று பின்னேரமே எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அந்த இடத்தில் கூட்டத்தில் எல்லோரும் 'அச்சோ' என்றார்கள். நீ கையை உயர்த்தி, இன்னும் முடியவில்லை என்றாய்.

வந்தவர்கள் தோண்டிச் சாப்பாட்டை எடுத்தார்கள். நாங்கள் வந்தோம், இந்தப் பக்கம் போகிறோம் என்று எழுதி அதே குழியில் வைத்தார்கள். வேறு ஆட்கள் கிளறிவிடுவார்கள் என்று பயந்து, மண்ணை முன்பு இருந்த மாதிரியே மூடிப் பரவிவிட்டார்கள். மரத்தில் புதிதாக ஒன்றும் வெட்டவில்லை. இரண்டு கிழமை கழித்து, மனம் கேளாமல் முகாம்காரன் திரும்பி வந்து பார்த்தான். மண் அப்படியே இருந்தது. ஒருவரும் வரவில்லை என்று போய்விட்டான். அவர்களில் ஒருவனைத்தான் அந்த மண்ணின் பழங்குடிச் சனம் சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றியது. மற்றவர்கள் செத்துப்போனார்கள்.

எல்லோரும் படம் எடுக்கக் கலைந்த பிறகு என்னிடம் தமிழில் சொன்னாய். "காலமை போனவன் பின்னேரம் வந்ததில ஆரையும் பிழை சொல்லேலாது மச்சான். அது விதி. ஆனா வந்து நிண்டதுக்கு ஒரு அடையாளம் வைக்காமல் மண்ணை மூடினாங்கள் பார், அதைத்தான் என்னாலை மன்னிக்கேலாது. கத்தியால ஒரு கோடு. மரத்தில ஒரேயொரு கோடு போதும்."

நான் இலையான் அடித்துக்கொண்டிருந்தேன். கண்ணிலும் மூக்கிலும் வந்து மொய்த்த அந்த இலையான்கள்! நீ மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"மச்சான், கேக்கிறியோ?"

"கேக்கிறன், கேக்கிறன், சொல்லு."

கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாய். "இல்லை, விடு" என்றாய்.

நானும் விட்டேன். விட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்தினேன். அடிலெய்டு விமான நிலையத்தில்கூட, "அடுத்தமுறை நீயே தோண்டு" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் உன்னோடு நேரில் பேசிய கடைசி வசனம்.

தைப்பொங்கலுக்கு முன்னமே, நீ கண்ணை மூடிவிட்டாய் என்று சுகந்தி ரெலிபோன் எடுத்தாள். புற்றுநோய், குடலில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டதாம். "அவருக்குச் சித்திரையிலயே தெரியும் அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். உங்களோட ஒருக்கா அந்த மரத்தடிக்குப் போட்டு வந்து, பிறகு தானே சொல்லுறன் எண்டவர்." போய் வந்தாயே! ஏன் சொல்லவில்லை? நான் திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு கிழமையும் ரெலிபோனில் கதைத்தோமே. "சும்மா இருமல் மச்சான்" என்றாய். நூறு தரம் வெள்ளைக்காரனுக்குச் சொன்ன கதை, உனக்கு ஏறவில்லையா? நீயும் வந்து நின்றுவிட்டு மண்ணைத் தடவி மூடிவிட்டுத்தானே போனாய்?

இந்தக் கேஜைச் சுகந்தி தபாலில் அனுப்பினாள். உறையைத் தட்டிப் பார்த்தேன், தையலைக்கூடப் பிரித்துப் பார்த்தேன், ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்குமா என்று. மண் மட்டும்தான் கொட்டுப்பட்டது.

இன்று கராஜில் நின்று இதையெல்லாம் மனதுக்குள் உன்னிடம் கத்திக்கொண்டிருந்த நேரம்தான் பவானி ரெலிபோன் எடுத்தாள். "என்னப்பா, இன்னும் முடியேல்லையே? வரேக்கை கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாங்கோ."

"பவானி..." என்றேன்.

"என்ன?"

உன் சொல் என் வாய்க்குள் வந்து நின்றது, மச்சான். 'இல்லை, விடு.' உச்சரிக்க வேண்டியது மட்டும்தான் மிச்சம். அவள் அந்தப் பக்கம் கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள், அகப்பைச் சத்தம் கேட்டது. அவளும் இலையான் அடிக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் அவளும் விட்டுவிடுவாள்.

"செவ்வாய்க்கிழமை நீ என்னோட ஹொஸ்பிற்றலுக்கு வரவேணும்" என்றேன்.

அகப்பைச் சத்தம் நின்றது. "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஏச்சுப் பேச்சு வீட்டில் கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "துணைக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கிடக்கு. ஆரைக் கூட்டிக்கொண்டு போற யோசினை?" என்றாள். "மூண்டு கிழமை பக்கத்தில படுத்துக் கிடந்துகொண்டு, என்ன மனிசனப்பா நீங்கள்?" என்றாள். அழுதாள், பிறகு இன்னும் சத்தமாகப் பேசினாள், பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கறிவேப்பிலை வாங்க மறந்ததற்கும் சேர்த்துப் பேசினாள்.

கேஜ் மேசையில் கிடந்தது. அதைக் கையில் எடுத்து, "உவரும் உங்களைப் போலத்தானே" என்றாள். "சுகந்தி தனிய எட்டொம்பது மாசம் அதை வயித்துக்கை வைச்சிருந்தவள். ஆரும் யோசிச்சனீங்களோ?"

நான் யோசிக்கவில்லை. நீயும் யோசித்திருக்க மாட்டாய்.

செவ்வாய்க்கிழமை என்ன சொல்வார்களோ தெரியாது. கேஜைத் திரும்பக் காரில் வைத்துவிட்டேன், அது என்னோடுதான் இருக்கும். உன்மேல் உள்ள கோபமும் இருக்கும், அது தீருகிற மாதிரி இல்லை. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் பவானி குசினிக்குள் நின்று பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். வாங்க வேண்டிய அத்தனை பேச்சையும் நான் தனியே நின்று வாங்குகிறேன். இதில் பாதி உன்னுடையது, மச்சான். நீ இருந்து வாங்கியிருக்க வேண்டும்.