பில்லில் இல்லாத பெயர்

என் கணவர் பாண்டுரங்கன் அவர்களுக்கு,

குக்கரில் வெண்பொங்கல் இருக்கிறது. உங்கள் வயிற்றுக்காக மிளகைக் குறைத்தே இட்டேன். கோபத்தை அடுப்பங்கரை வரை வர விடவில்லை.

நேற்று ஆடிட்டர் போனில் சொன்னது இது: "அட்டைப்பெட்டி கம்பெனி உங்க பேர்ல இருக்கு, பெட்டி ஏத்த வாங்குன வண்டி பில்லு கொழுந்தனார் பேர்ல இருக்கு. கட்டுன ஜிஎஸ்டிய எப்டிம்மா திரும்பக் கேக்கறது?"

எனக்குச் சனி நடக்கிறதென்று ஜோதிடர் சொன்னதும், "தம்பிக்குத்தான் நேரம் நல்லா கீது, அவன் பேர்ல எடுத்தாத்தான் வண்டி நிலைக்கும்" என்று என்னைக் கேளாமலே பதிந்து வந்தீர்கள். வண்டி நிலைத்தது. அந்த வரி திரும்ப வருமென்று நம்பி, பெட்டி மடிக்கும் இயந்திரத்துக்கு நான் கொடுத்த முன்பணம் நிலைக்காது போலிருக்கிறது.

ஏதேனும் வழி உண்டா என்று கேட்க, ஆடிட்டரைப் பார்க்க வாலாஜாபாத்துக்குப் பேருந்தில் போகிறேன். வண்டிச் சாவி பெருமாள் படத்தின் கீழ் இருக்கிறது. ஜீவானந்தம் வந்தால் கொடுங்கள். தன் பெயரிலுள்ள வண்டிக்குத் தானே டீசல் போட்டு, ஒரகடத்தில் பெட்டிகளைத் தானே இறக்கட்டும்.

பாஞ்சாலி

பி.கு.: வயிற்று மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு.

இன்னொன்று: விடியலில் நாம் இருவரும் அமர்ந்து பெருமாளின் ஆயிரம் திருநாமங்களையும் ஒன்று விடாமல் ஓதுகிறோம். ஒரேயொரு பில்லில் என் பெயரைச் சொல்ல மட்டும் உங்களுக்கு நா எழவில்லை.