டீம் அவுட்டிங்

மே 17, சனி.

பதிவுத் திருமணம் செய்து ஒரு மாதம் ஆகிறது. மலர் வேறு சாதி என்பதால் மயிலாப்பூர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் இந்த தீம் பார்க் ரிசார்ட்டுக்கு வந்தோம். அலைக்குளத்தில் சித்தப்பா குடும்பத்தோடு எதிரே வந்தார். சட்டென்று மலரின் கையை விட்டேன்.

"யாருடா இவங்க?"

"கூட வேலை பாக்கறவங்க. டீம் அவுட்டிங்."

"டீம்ல ரெண்டே பேர்தானா?"

"மத்தவங்க ரைடுல இருக்காங்க. வாங்க சார், தேடுவாங்க" என்று மலர்தான் காப்பாற்றினாள்.

சாதி ஒழிய வேண்டும் என்று ஆபீஸ் கேன்டீனில் எல்லோரிடமும் சண்டை போடுகிறவன் நான்.

அறைக்கு வந்த பிறகும் என்னை சார் என்றே கூப்பிடுகிறாள். சிரிக்கவில்லை.

"எழுதி முடிச்சிட்டீங்களா சார்? லைட்டை அணைக்கணும்" என்கிறாள்.