பக்கத்து நாற்காலி

சிதம்பரம்,
4.1.2025

அன்புள்ள ஸ்ரீ அக்காவுக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் பயிற்சி வகுப்பு வைத்திருக்கிறார்கள், பாடம் நடத்தவும் ஆய்வேடு எழுதவும். எழுதிக் கை பழக வேண்டுமாம். போனை வாங்கி வைத்துக்கொண்டு, "யாருக்காச்சும் ஒரு பக்கம் கையால எழுதுங்க" என்றார்கள். எனக்கு உங்களை விட்டால் யார்?

இன்று நான் வகுப்பு எடுத்துக் காட்டினேன். பயிற்சியாளர், "தாழங்குடா பொண்ணா? கடலுக்கு மேல கத்திப் பழகின குரலு, மைக்கே வேணாம்" என்றார். ஒரே கைதட்டல்! எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கெடுவை இதற்குமேல் நீட்ட மாட்டார்கள். இரண்டாம் அத்தியாயத்துக்கு நீங்கள் உங்கள் ஆய்வேட்டைக் கொடுத்திராவிட்டால் நான் இன்னும் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். உங்கள் கல்லூரியில் நீங்கள் சொன்ன அந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறதா?

உங்கள்
மோனி


கடலூர்,
20.1.2025

என் மோனிக்கு,

பொங்கலுக்குத் தாழங்குடா வரைக்கும் வந்தவளுக்கு என் வீடு தெரியாமல் போய்விட்டதா? அண்ணாகிராமத்திலிருந்து அம்மா அனுப்பிய முந்திரியை உனக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். சித்தார்த் கண்ணில் பட்டுவிட்டது. என் புருஷனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, டப்பா காலி.

வேலை காலியாகத்தான் இருக்கிறது. முதல்வரிடம் பேசிவிட்டேன். "பட்டத்தோட வரச் சொல்லுங்க, ஜூன்ல சேத்துக்கலாம்" என்றார். துறையில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று என் சாப்பாட்டுப் பையை வைத்திருக்கிறேன். சீக்கிரம் முடித்துவிட்டு வாடி.

அன்புடன்
ஸ்ரீ


சிதம்பரம்,
8.2.2025

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று வகுப்பில் எல்லோருடைய அத்தியாயத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். எங்கிருந்து எடுத்தது என்று அது காட்டிவிடுமாம். என் இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. பக்கத்துக்குப் பக்கம் உங்கள் ஆய்வேடு. பெயரைக் காட்டாமல் மறைத்திருந்ததால் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதா?

நம் துறையில் சீனியருடையதை வாங்கி, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மாற்றி வைப்பதுதானே வழக்கம்? நம் கைடு சொல்லித்தானே நீங்கள் கொடுத்தீர்கள்? இன்று அவரே எல்லோர் முன்னாலும், "மாதிரிதாம்மா பாக்கச் சொன்னேன். அப்படியே எடுத்து வைக்கச் சொன்னது யாரு?" என்கிறார். பாவி மனுஷன்!

இன்னொன்று. அதில் ஒரு வரி: 'மீனவப் பெண்கள் சேமிக்கத் தெரியாதவர்கள்.' எங்க அம்மா தங்கம்மாள் மீன்கூடை சுமந்து சேர்த்த காசில்தான் நான் விடுதியில் சாப்பிடுகிறேன். அந்த வரியை என் கையாலேயே தட்டச்சு செய்து என் பெயரைப் போட்டிருக்கிறேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை, அக்கா. வெட்கமாக இருக்கிறது.

விசாரணை வைக்கிறார்கள். கைடு சொல்லித்தான் கொடுத்தேன் என்று நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், திருத்தி எழுத அவகாசம் தரலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.

மோனி


கடலூர்,
14.2.2025

மோனி,

நல்லவேளை, கையால் எழுதினாய். இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு சொல் போடாதே. போனும் செய்யாதே.

எனக்கும் அந்த அத்தியாயம் ஒரு சீனியர் கொடுத்ததுதான். நான் இரண்டு வரி எழுதினால் என் ஆய்வேட்டையும் தோண்டுவார்கள். பட்டம் போகும், வேலை போகும். சித்தார்த் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது உனக்குத் தெரியும். உன் காலில் விழுகிறேன், என் பெயரைச் சொல்லாதே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

படித்ததும் கிழித்துவிடு.

ஸ்ரீ


சிதம்பரம்,
9.3.2025

ஸ்ரீமதி மேடம் அவர்களுக்கு,

நேற்று கடைசி வகுப்பு. 'ஆய்வில் நேர்மை' என்று பேசக் கடலூரிலிருந்து ஒரு பேராசிரியை வருகிறார் என்றார்கள். பட்டுப் புடவையில் நீங்கள் வந்து நின்றீர்கள். வருகிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நன்றாகப் பேசினீர்கள், குறை சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் உங்கள் கண் வரவே இல்லை. சந்தேகம் கேட்கலாம் என்றதும் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். உங்கள் கையிலிருந்த டம்ளர் தண்ணீர் மேசையில் கொட்டியது. "ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். விசாரணையில், "யாரும் குடுக்கல, நானேதான் எடுத்தேன்" என்று போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று வகுப்பு முடிந்ததும் ஆணையைக் கையில் கொடுத்தார்கள், பதிவு ரத்து. இத்தனை வருஷமும் போச்சு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "பட்டம் எப்பம்மா குடுக்கிறாவ, புதுப் புடவை எடுக்கணுமே" என்று நேற்றுகூடப் போனில் கேட்டது.

இன்று மாலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். உங்கள் வீடு வழியில்தான், ஆனால் இறங்க மாட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழித்துவிடுங்கள்.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் பையை எடுத்துவிடுங்கள். யாராவது உட்காரட்டும்.

த. மோனிகா