எதிர் நாற்காலி

ஏப்ரல் 7

மனநல ஆலோசனை மையத்தின் வரைபடத்துக்கு இன்று ஒப்புதல் வந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் பழைய அரிசி மண்டிதான் இடம். இனி நெசவு வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனிப் பிள்ளைகளும் காசில்லாமல் வந்து மனசு விட்டுப் பேசுகிற இடம். பேச்சறையை நானே பார்த்துப் பார்த்து வரைந்தேன். நடுவில் மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஆலோசகர் காந்தா மேடத்துக்கும் பிடித்திருந்தது.

தம்பி ஆனந்த் இன்றும் அறையைவிட்டு வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் வேலையை விட்டு இரண்டு மாதம். யாரிடமும் பேச்சில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் கட்டுகிறேன் — இவனுக்கு?

ஜூன் 27

திறந்து ஒரு வாரம். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் "ஒண்ணுமில்ல மேடம்" என்று ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்களாம். ஒருவன் வேலைக்கு இன்டர்வியூ என்று நினைத்து பயோடேட்டாவோடு வந்தானாம்.

ஜூன் 28

நீயாவது வந்து பாருடா என்று ஆனந்திடம் கத்திவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டான். ச்சே, என்ன வாய் எனக்கு.

ஜூலை 2

தறியில் கோர்வைக்கு உட்காரும் ஆள் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து சேலைக் கரைக்கு நாடா தள்ளாமல் அப்பாவுக்குத் தறி ஓடாது. ஆனந்தைக் கூப்பிட்டார். வந்தானே!

அரை மணி நேரம் தறிச் சத்தம் மட்டும். பிறகு அடுப்படிவரை அவன் குரல்.

"கம்பெனில எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு சிரிச்சாங்கப்பா. அதே நெனப்பாவே இருக்குது."

எட்டிப் பார்த்தேன். அப்பா திரும்பவே இல்லை. நூலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். அவனும் நூலைப் பார்த்தபடியே இன்னும் சொன்னான்.

பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானதை நானும் அந்தத் தறிப் பலகையில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதானே சொன்னேன்? இந்த வீட்டில் யார் எதிரெதிரே உட்கார்ந்து மனசைத் திறந்திருக்கிறோம்? படித்த முட்டாள் நான்.

ஜூலை 4

பேச்சறை மேசை, நாற்காலி எல்லாம் வெளியே. தச்சர் கைலாசம் அண்ணன் வேப்பமரம் தெரிகிற ஜன்னலைப் பார்த்து நீளப் பலகை போட்டுக் கொடுத்தார். "இன்னாம்மா, டாக்டர் ரூம்ல பஸ் ஸ்டாண்டு பெஞ்சி?" என்று ஒரே சிரிப்பு.

ஜூலை 15

திரிஷா என்கிற பெண் முக்கால் மணி நேரம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று மேடம் சொல்ல மாட்டார். நானும் கேட்கவில்லை.

ஜூலை 21

சாயங்காலம் மையத்தில் எல்லாரும் போனபின் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? திரும்பவில்லை. மரத்தையே பார்த்தேன்.

"அக்கா, காந்தா மேடம் நாளைக்கு வருவாங்களா?" என்றான்.

பத்து மணிக்கு வருவார் என்றேன். கண்ணைத் துடைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டேன்.