ஆர்லீனின் பெயரை வாசித்தபோது

போர்ட்லண்ட், மெயின்
ஆகஸ்ட் 28, 2006

அன்புள்ள ஆர்லீனுக்கு,

மேக்ஸின் எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. உன் கடிதமும் பேத்தி டெஸ்ஸாவின் படமும் வந்து சேர்ந்தன. மூக்கைப் பார்த்தாலே உன் வாரிசு என்று தெரிகிறது, பாவம்.

நாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே அவளும் சேர்கிறாள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நான் இருந்த அதே மாணவிகள் சங்கத்தில் சேர ஆசைப்படுகிறாள், அதற்குப் பழைய உறுப்பினர் ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும், "உன்னை விட்டா எனக்கு யாரைடி தெரியும்?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாங்கள் முப்பது பேர் சேர்ந்து தங்கியிருந்த அந்தச் சங்க வீடு இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிறு மதியம் வறுத்த கோழி. அதற்கு முன் முப்பது பேரும் நின்றபடி பாட வேண்டும், கோழி ஆறிப்போகும். வீட்டைக் கவனித்துக்கொண்ட மிசஸ் டில்லிங்காஸ்ட், கையுறை போடாமல் சர்ச்சுக்குக் கிளம்பியவளை மாடிப்படியிலேயே மறித்து, "கையை எங்கடி தொலைச்ச?" என்பாள். எங்களில் ஒருத்தியின் சட்டையில் அவள் காதலன் தன் மாணவர் சங்கச் சின்னத்தைக் குத்திவிட்டால், அது பாதி நிச்சயதார்த்தம் மாதிரி; அவன் சங்கத்துப் பையன்கள் எல்லோரும் எங்கள் புல்வெளியில் வரிசையாக நின்று பாடுவார்கள். நாங்கள் ஜன்னலில் தொங்குவோம். தெருவுக்கு அந்தப் பக்கம் விடுதியில் இருந்த நீ மறுநாள், "அந்த மூணாவது பையன் பாடினானா, இல்ல கன்னுக்குட்டி மாதிரி கத்தினானாடி?" என்று கேட்பாய். நான் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆர்லீன். அதை மறைக்க மாட்டேன்.

முதல் வருடம் என்னை எடுத்துக்கொண்டு உன்னை விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் நீ மறுபடி முயன்றாய். உள்ளே எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சங்கத் தலைவி விட்லாக் ஒவ்வொரு பெயராக வாசிப்பாள். அந்தப் பெண்ணைத் தெரிந்தவள் எழுந்து நின்று நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். யாரும் எழவில்லை என்றால் அந்தப் பெயர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். உன் பெயரை வாசித்ததும் விட்லாக் நேராக என்னைப் பார்த்து, "உங்க ஊர்ப் பொண்ணுதானே, மேக்ஸின்?" என்றாள். நான் உட்கார்ந்தபடியே, "அவ்வளவா பழக்கமில்ல" என்றேன்.

ஏழு வயதிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன்னைப் பற்றி அப்படிச் சொன்னேன்.

நம் ஊர் ஹோட்டலில் என் அம்மா படுக்கை விரிப்புகள் துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஹோட்டலே எங்களுடையது என்று நான் சங்க வீட்டில் அளந்துவிட்டிருந்தேன். நீ உள்ளே வந்தால் ஒருநாள் எல்லோர் முன்னிலும் வெள்ளந்தியாக, "அம்மாவுக்குக் கைப்புண் ஆறிடுச்சா?" என்று கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். அன்று சாயங்காலம் உன் அறைக்கு வந்து, எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவர்கள் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். நீ மூக்கைச் சிந்திக்கொண்டே, "விடுடி, உனக்காவது கெடச்சுதே" என்று எனக்குக் கோக்கோ கலந்து கொடுத்தாய். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

அம்மா இறந்தபோது பனியில் ஆறு மணி நேரம் காரோட்டி வந்தவள் நீதான். கல்லறையில் என் கையை நீ பிடித்திருந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும்.

டெஸ்ஸாவுக்கான பரிந்துரையை முந்தாநாளே தபாலில் சேர்த்துவிட்டேன். அவளுடைய பாட்டியை எனக்கு ஏழு வயதிலிருந்து நன்றாகத் தெரியும் என்றுதான் அதைத் தொடங்கியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே அது போன பிறகு இன்று அனுப்புகிறேன். பேத்தியின் காரியத்துக்காக நீ என்னிடம் கோபத்தை அடக்கிக்கொள்ளக் கூடாது.

குழந்தை போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும். நீ என்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றுமே எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, ஆர்லீன்.

இப்படிக்கு,
மேக்ஸின்